சிப் சண்டை நியூஸ் வந்தா அதை எப்படி படிக்கறது

இப்பல்லாம் வாரத்துக்கு ஒரு சிப் நியூஸ் வந்துடுது. அமெரிக்கா தடை போட்டுச்சு, சைனா பதிலுக்கு காலியம்ங்கற உலோகத்தை நிறுத்துச்சு, நெதர்லாந்து ஒரு கம்பெனி மேல கை வெச்சுது, தைவானை சுத்தி போர்க்கப்பல் நிக்குது, குஜராத்ல ஃபேக்டரி வருது. வாட்ஸப்ல அது ஃபார்வர்ட் ஆகி வரும்போது ஒண்ணு "சைனா கதை முடிஞ்சுது"ன்னு வரும், இல்லன்னா "அமெரிக்கா மூக்கு உடைஞ்சுது"ன்னு வரும். ரெண்டுமே பெரும்பாலும் தப்பு. இந்த விஷயத்துல நம்ம பசங்க நிறைய பேர் வேலை பாக்கறாங்க, நம்ம நாட்டு வரிப்பணம் ஆயிரக்கணக்கான கோடி போகுது, அதனால இதை சரியா படிக்கத் தெரிஞ்சிருக்கணும்னு நான் உண்மையாவே நினைக்கறேன். இன்ஜினியரிங் படிச்சிருக்கணும்னு அவசியம் இல்ல, பொறுமையா ஒரு நாலஞ்சு கேள்வி கேக்கத் தெரிஞ்சா போதும்.

நியூஸை திறந்ததும் எல்லாரும் பாக்கறது நானோமீட்டர் நம்பர். 7ஆ, 5ஆ, 3ஆன்னு. அதை கடைசியா பாருங்க. 5 நானோமீட்டர்னு பேர் வெச்ச சிப்ல நிஜமா அந்த அளவுல ஒரு பார்ட் இருக்கணும்னு கட்டாயம் கிடையாது, அது ஒரு தலைமுறைக்கு வெச்ச பேர், நம்பர் குறையக் குறைய புது தலைமுறை, அவ்வளவுதான். நீங்க தேட வேண்டியது வேற: இந்த பொருளை "தரமாட்டேன்"னு சொல்ற இடத்துல யார் இருக்காங்க, அவங்க தரலன்னா வேற வழி பண்ணிக்க எவ்ளோ காலம் ஆகும். இந்த ரெண்டுக்கும் பதில் கிடைச்சுட்டா நியூஸ்ல முக்கால்வாசி புரிஞ்சுடும்.

முதல்ல எந்த சிப்புன்னு பாருங்க

மிலிட்டரின்னதும் எல்லாரும் நினைக்கறது ஏவுகணைக்குள்ள உலகத்துலயே புதுசான சிப் இருக்கும்னு. அப்படி இல்ல. ஆயுதம் டிசைன் பண்ணி, டெஸ்ட் பண்ணி, படையில சேக்கறதுக்கே பத்து பதினஞ்சு வருஷம் ஆகும், அதுக்கப்புறம் இருபது முப்பது வருஷம் ஓடணும், அதனால உள்ள இருக்கறது பெரும்பாலும் பழைய, நல்லா பழகின, சூடு குளிர் அதிர்வு எல்லாம் தாங்கற சிப். அமெரிக்காவோட ஜாவலின் ஏவுகணை ஒண்ணுலயே 200க்கும் மேல சிப் இருக்கு, அதுல பெரும்பாலானது உங்க ஃபோன்ல இருக்கற மாதிரி லேட்டஸ்ட் ரகம் கிடையாது.

உக்ரைன்ல விழுந்த ரஷ்ய ஆயுதங்களை பிரிச்சுப் பாத்தப்ப இது கண்கூடா தெரிஞ்சுது. லண்டன்ல இருக்கற ருசி (RUSI)ங்கற பாதுகாப்பு ஆய்வு அமைப்பு 2022 ஆகஸ்ட்ல ஒரு ரிப்போர்ட் போட்டாங்க, 27 ரஷ்ய ஆயுத சிஸ்டத்துக்குள்ள குறைஞ்சது 450 விதமான வெளிநாட்டு பார்ட்ஸ் இருந்துச்சு, அதுல பெரும்பங்கு அமெரிக்க கம்பெனிங்க தயாரிச்சது. க்ரூஸ் மிசைலோட போர்டுல அமெரிக்க கம்பெனி லோகோ அப்படியே இருந்துச்சு. யாரோ ரகசியமா கடத்தின அதிநவீன சரக்கு இல்ல அது, எலக்ட்ரானிக்ஸ் விநியோகஸ்தர் கேட்டலாக்ல யார் வேணும்னாலும் ஆர்டர் பண்ற சாதாரண மெமரி, மைக்ரோகன்ட்ரோலர், பவர் சிப். அப்போ அமெரிக்க வர்த்தக அமைச்சரா இருந்த ஜீனா ரெய்மோண்டோ, ரஷ்ய ராணுவ வண்டிகள்ல ஃப்ரிட்ஜுலயும் பாத்திரம் கழுவற மெஷின்லயும் இருந்து எடுத்த சிப் இருந்துச்சுன்னு உக்ரைன்காரங்க சொன்னதா செனட்லயே சொன்னாங்க.

அதனால ரஷ்யா மேல தடைன்னு நியூஸ் வந்தா நானோமீட்டரைத் தேடாதீங்க, கஸ்டம்ஸ்ல ஒவ்வொரு வகை சரக்குக்கும் வெச்சிருக்கற கோடு நம்பரைத் தேடுங்க. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், பிரிட்டன் நாலு பேரும் சேந்து ரஷ்யாவுக்கு போகக்கூடாத சரக்குன்னு ஒரு லிஸ்ட் வெச்சிருக்காங்க, அதுல முதல் வரிசையில இருக்கறது 8542.31, 8542.32, 8542.33, 8542.39ங்கற நாலு கோடு, எல்லாமே ஐசி, அதாவது சிப். இந்த கோடுல ஹாங்காங் வழியாவோ துருக்கி வழியாவோ மத்திய ஆசிய நாடு வழியாவோ எவ்ளோ சரக்கு ரஷ்யாவுக்கு போகுதுன்னு சொல்ற கட்டுரை இருந்தா அதுதான் படிக்க வேண்டிய கட்டுரை.

பழைய சிப் எவ்ளோ பெரிய ஆயுதம்னு புரியணும்னா 2025ல நடந்த நெக்ஸ்பீரியா விவகாரத்தை பாருங்க. நெதர்லாந்துல நைமேகன்ல தலைமையகம், முதலாளி சைனாவோட விங்டெக் கம்பெனி. தயாரிக்கறது டயோடு, ட்ரான்சிஸ்டர், சாதாரண லாஜிக் சிப், ஒண்ணோட விலை சில பைசாவுல இருந்து சில ரூபாய்தான். செப்டம்பர் 30ஆம் தேதி டச்சு அரசாங்கம் 1952ல போட்ட ஒரு பழைய சட்டத்தை எடுத்து கம்பெனியோட முடிவுகளை தன் கட்டுப்பாட்டுக்கு கொண்டு வந்துச்சு. அக்டோபர் 4ஆம் தேதி சைனா, டோங்குவான்ல இருக்கற அதே கம்பெனியோட ஆலையில இருந்து ஏற்றுமதியை நிறுத்திடுச்சு. ஜெர்மனியில ஹாம்பர்க்ல வேஃபர், அதாவது நிறைய சிப் வரைஞ்ச சிலிக்கான் தட்டு போடுவாங்க, ஆனா அதை தனித்தனி சிப்பா வெட்டி உறைக்குள்ள வெச்சு பேக்கேஜ் பண்றது பெரும்பாலும் டோங்குவான்ல. அவ்வளவுதான், ஐரோப்பிய கார் கம்பெனிங்க எல்லாம் பதறிட்டாங்க, ஹோண்டா மெக்ஸிகோ ப்ளான்ட்டை நிறுத்த வேண்டி வந்துச்சு. நவம்பர் 19ஆம் தேதி டச்சு அரசாங்கம் தன் உத்தரவை நிறுத்தி வெச்சுது. ஒரு ரூபா சிப், ஆனா "தரமாட்டேன்"னு சொல்ற இடம் பேக்கேஜிங்ல இருந்துச்சு, அது சைனா கையில இருந்துச்சு. நானோமீட்டரை மட்டும் பாத்துட்டிருந்தா இந்த நியூஸே புரிஞ்சிருக்காது.

அப்ப புது சிப்புக்கு என்ன ராணுவ சம்பந்தம்

சம்பந்தம் இருக்கு, ஆனா ஏவுகணைக்குள்ள இல்ல, ஏவுகணையை டிசைன் பண்ற கம்ப்யூட்டர்ல. 2021 ஏப்ரல்ல அமெரிக்கா ஏழு சைனா சூப்பர்கம்ப்யூட்டர் அமைப்புகளை தடை லிஸ்ட்ல சேத்துச்சு, அதுல ஒண்ணு ஃபைட்டியம்ங்கற கம்பெனி. அவங்க சிப்பை அமெரிக்க டிசைன் சாஃப்ட்வேர் வெச்சு வரைஞ்சு தைவான்ல மத்தவங்க டிசைனை சிப்பா போட்டுத் தர்ற டிஎஸ்எம்சி கிட்ட தயாரிச்சாங்க, அது சைனாவுல மியன்யாங்ல இருக்கற காற்றியக்கவியல் ஆய்வு மையத்துல ஹைப்பர்சோனிக், அதாவது ஒலியை விட அஞ்சு மடங்குக்கு மேல வேகமா போற ஏவுகணை மேல காத்தும் சூடும் எப்படி மோதும்னு கணக்கு போடற மெஷின்ல பயன்பட்டதா செய்தி வந்துச்சு. தைவான்ல தயாரான சிப், தைவானையே குறி வைக்கக்கூடிய ஆயுதத்துக்கு கணக்கு போடுது, இதுதான் இந்த மொத்த சண்டையோட நெருக்கடி. அடுத்ததா ஏஐ: சாட்டிலைட் படத்துல கப்பலைத் தேடறதுக்கும், ட்ரோன் கூட்டத்தை வழிநடத்தறதுக்கும் மாடல் ட்ரெயின் பண்ண பெரிய கணக்கீட்டு சக்தி வேணும், அதுக்கு லேட்டஸ்ட் சிப் வேணும்.

இது இன்னைக்கு நேத்து கதையும் இல்ல. 1960கள்ல ஐசியை முதன்முதலா மொத்தமா வாங்கினவங்க அமெரிக்காவோட மினிட்மேன் ஏவுகணை திட்டமும் அப்பல்லோ விண்வெளித் திட்டமும்தான். வியட்நாம்ல "தான் ஹோவா"ங்கற ஊர்ப் பாலத்தை 1965ல இருந்து நூத்துக்கணக்கான தடவை குண்டு போட்டும் சாய்க்க முடியல, 1972 மே மாசம் லேசர் வழிகாட்டற குண்டை போட்டதும் விழுந்துடுச்சு. அந்த குண்டை உருவாக்கினது டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்ங்கற சிப் கம்பெனி. அந்த காலகட்டத்துல அதே கம்பெனியில வேலை பாத்துட்டிருந்த மோரிஸ் சாங்தான் 1987ல தைவான் சின்ச்சூவுல டிஎஸ்எம்சியை ஆரம்பிச்சார்.

அதனால நியூஸ்ல "தேசப் பாதுகாப்பு"ன்னு பாத்தா அது எந்த பயம்னு கேளுங்க. எதிரிக்கு கணக்கீட்டு சக்தி போயிடும்ங்கற பயமா, நமக்கு வர்ற சப்ளை நின்னுடும்ங்கற பயமா, இல்ல வெளியில தயாரிக்கற சிப்புல யாராவது ஏதாவது ஒளிச்சு வெச்சுடுவாங்கங்கற பயமா. மூணுக்கும் மருந்து வேற வேற. மூணாவது பயத்துக்காகத்தான் அமெரிக்க பாதுகாப்புத் துறையான பென்டகன் நம்பகமான ஃபவுண்டரின்னு தனியா ஒரு ஏற்பாடு வெச்சுது, முக்கியமா ஐபிஎம்மோட அமெரிக்க ஃபேப்களை, அதாவது சிப் ஆலைகளை நம்பி. 2015ல ஐபிஎம் அந்த ஃபேப்களை குளோபல்ஃபவுண்ட்ரீஸுக்கு கொடுத்துடுச்சு, அதோட பெரும்பங்கு உரிமையாளர் அபுதாபி அரசு முதலீட்டு நிறுவனம். பாதுகாப்புத் துறைக்குன்னு கட்டின சங்கிலி கூட வியாபார முடிவால ஆட்டம் காணும்.

எந்த கணு நெருக்கப்படுதுன்னு கண்டுபிடிங்க

சிப் தயாரிக்கறதுல டிசைன் சாஃப்ட்வேர், மெஷின், கெமிக்கல், ஃபேப், பேக்கேஜிங்னு நிறைய கணு, அதாவது ஒண்ணை ஒண்ணு நம்பியிருக்கற கட்டம் இருக்கு. இதுல மெஷின்தான் கொஞ்சம் கிட்ட போய் பாக்க வேண்டிய இடம்.

ரொம்ப மெல்லிசான கோடு இருக்கற சிப் போட இயூவி, அதாவது அதீத புற ஊதா ஒளியால வரையற மெஷின் வேணும், உலகத்துலயே அதை செய்யறது நெதர்லாந்து வெல்ட்ஹோவன்ல இருக்கற ஏஎஸ்எம்எல் ஒண்ணுதான். அதுக்குள்ள என்ன நடக்குதுன்னா, வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு உருகின வெள்ளீயத் துளிகள் வினாடிக்கு 50,000 விழும், ஒவ்வொரு துளி மேலயும் லேசர் ரெண்டு தடவை அடிக்கும், முதல் அடியில துளி தட்டையாகும், ரெண்டாவது அடியில ஆவியாகி பிளாஸ்மா ஆகும், அதுல இருந்து 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளி வரும். அந்த ஒளியை காத்தே உறிஞ்சிடும், அதனால எல்லாமே வெற்றிடத்துக்குள்ள, லென்ஸும் ஆகாது, ஒளியை பிரதிபலிக்கற கண்ணாடிங்கதான், அதை செய்யறது ஜெர்மனியோட ஜைஸ். லேசர் இன்னொரு ஜெர்மன் கம்பெனி ட்ரம்ப்ஃப். ஒளி மூலத்தை செய்யற சைமர் இருக்கறது அமெரிக்காவுல சான் டியாகோவுல.

அந்த சான் டியாகோ விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, டச்சுக் கம்பெனி சைனாவுக்கு விக்கறதை அமெரிக்கா எப்படி நிறுத்துதுங்கற கேள்விக்கு பாதி பதில் அதுதான். அமெரிக்க தொழில்நுட்பம் உள்ள இருந்தா வெளிநாட்டுல தயாரான பொருள் மேலயும் எங்க சட்டம் செல்லும்னு ஒரு விதி வெச்சிருக்காங்க. 2020 மே மாசம் அதை சைனாவோட ஃபோன், டெலிகாம் கம்பெனியான ஹுவாவே மேல நீட்டினாங்க, செப்டம்பர் 15க்கு அப்புறம் டிஎஸ்எம்சி ஹுவாவேக்கு சிப் அனுப்பறதை நிறுத்திடுச்சு. மீதி பாதி பதில் அரசியல் அழுத்தம். 2019ல இருந்தே டச்சு அரசாங்கம் இயூவிக்கு லைசென்ஸ் தரல, சைனாவுக்கு இன்னை வரைக்கும் ஒரு இயூவி மெஷின் கூட ஏஎஸ்எம்எல் அனுப்பினதில்ல.

கெமிக்கல் கணுவை எல்லாரும் மறந்துடறாங்க. 2019 ஜூலைல ஜப்பான், தென்கொரியாவுக்குப் போற ஃபோட்டோரெசிஸ்ட் (வேஃபர் மேல பூசற, ஒளி பட்டா மாறற பூச்சு), ஹைட்ரஜன் ஃப்ளூரைடு, ஃப்ளூரினேட்டட் பாலிஇமைடு மூணுக்கும் கட்டுப்பாடு போட்டுச்சு. பாதுகாப்பு காரணம்னு சொன்னாங்க, ஆனா அதுக்கு முந்தின வருஷம்தான் கொரிய உச்ச நீதிமன்றம், போர்க்காலத்துல கட்டாய வேலை வாங்கின ஜப்பான் கம்பெனிங்க நஷ்டஈடு தரணும்னு தீர்ப்பு சொல்லியிருந்துச்சு. சாம்சங் மாதிரி பெரிய கம்பெனியே ஆடிப் போச்சு. அது முழுசா தளர 2023 ஆயிடுச்சு. அதனால "பாதுகாப்பு"ன்னு சொல்லும்போது அதே நேரத்துல ரெண்டு நாட்டுக்கும் நடுவுல வேற என்ன தகராறு ஓடுதுன்னும் ஒரு தடவை தேடிப் பாருங்க.

தடை உத்தரவை வரி வரியா படிங்க

தலைப்புல "தடை"ன்னு இருக்கும், உத்தரவுல தடையே இருக்காது, லைசென்ஸ் வாங்கணும்னு இருக்கும். அந்த லைசென்ஸை எப்படி பரிசீலிப்பாங்கன்னு ஒரு வரி இருக்கும், அதுதான் உயிர். விண்ணப்பத்தை மறுக்கறதுதான் இயல்புன்னு இருந்தா அது நிஜமாவே தடை. ஒவ்வொண்ணா பாத்து முடிவு பண்ணுவோம்னு இருந்தா நிறைய சரக்கு போகும்.

அடுத்தது அளவு. 2022 அக்டோபர் 7ஆம் தேதி அமெரிக்கா போட்ட பெரிய உத்தரவுல ஏஐ சிப்புக்கு ரெண்டு கோடு கிழிச்சாங்க, ஒண்ணு கணக்கு போடற வேகம், இன்னொண்ணு சிப்புக்கும் சிப்புக்கும் நடுவுல டேட்டா போற வேகம், வினாடிக்கு 600 ஜிபி. ரெண்டையும் சேத்து தாண்டினாத்தான் கட்டுப்பாடு. ஏஐ சிப் டிசைன் பண்ற அமெரிக்க கம்பெனி என்விடியா என்ன பண்ணுச்சுன்னா ஏ100 சிப்போட ரெண்டாவது வேகத்தை 400க்கு குறைச்சு ஏ800னு பேர் வெச்சு வித்துது, முழுக்க சட்டப்படி. ஒரு வருஷம் கழிச்சு 2023 அக்டோபர்ல அந்த ஓட்டையை அடைச்சாங்க, உடனே அதுக்கேத்த மாதிரி எச்20ங்கற சிப் வந்துச்சு. 2025 ஏப்ரல்ல அதுக்கும் லைசென்ஸ் கேட்டாங்க, ஜூலைல விக்கலாம்னு திரும்பிட்டாங்க. உத்தரவுல ஒரு நம்பர் இருந்தா, அந்த நம்பருக்கு கொஞ்சம் கீழ ஒரு புது சரக்கு வரும்னு எழுதி வெச்சுக்கலாம்.

அதே உத்தரவுல இன்னொரு வரி பலபேர் கண்ணுல படல: அமெரிக்க குடிமக்களும் க்ரீன்கார்டு வெச்சிருக்கறவங்களும் சைனாவோட முன்னேறிய ஃபேப்களுக்கு லைசென்ஸ் இல்லாம உதவக்கூடாது. ஒரே ராத்திரியில அங்க வேலை பாத்த அனுபவசாலி இன்ஜினியருங்க வேலையா பாஸ்போர்ட்டான்னு முடிவு பண்ண வேண்டிய நிலைமை. மெஷினை விட அது வலிச்சிருக்கும்னு எனக்குத் தோணுது.

மூணாவது தேதி. அறிவிச்ச தேதிக்கும் அமலாகற தேதிக்கும் நடுவுல வாங்கறவங்க குவிச்சுக்குவாங்க. 2024 முதல் ரெண்டு காலாண்டுலயும் ஏஎஸ்எம்எல் மெஷின் விற்பனையில சைனாவோட பங்கு 49 சதவீதம், தடை இறுகறதுக்கு முன்னாடி வாங்கி வெச்சுக்கிட்டாங்க.

ஒரு நியூஸை போட்டுப் பாக்கலாம்

2023 ஆகஸ்ட் கடைசி. ரெய்மோண்டோ சைனாவுல இருக்கும்போதே ஹுவாவே, மேட் 60 ப்ரோ ஃபோனை வித்துது. டெக்இன்சைட்ஸ்ங்கற கனடா கம்பெனி பிரிச்சுப் பாத்து உள்ள இருக்கற கிரின் 9000எஸ் சிப், சைனாவோட சிப் ஆலை கம்பெனி எஸ்எம்ஐசி 7 நானோமீட்டர் முறையில போட்டதுன்னு சொன்னாங்க. தடை தோத்துடுச்சுன்னு ஒரு கூட்டம், இது ஒண்ணுமே இல்லன்னு ஒரு கூட்டம்.

நம்ம கேள்விகளை கேளுங்க. எந்த மெஷின்? இயூவி இல்ல, ஏற்கனவே வாங்கி வெச்ச டியூவி, அதாவது இயூவிக்கு முந்தின தலைமுறை, கொஞ்சம் தடிச்ச ஒளியில வரையற மெஷின். அது எப்படி முடியும்? தடிச்ச பேனாவுல மெல்லிசு கோடு போடற மாதிரி, ஒரே அடுக்கை பல தடவை தள்ளித் தள்ளி வரைஞ்சு. முடியுமான்னு கேட்டா முடியும், டிஎஸ்எம்சியே முதல் 7 நானோமீட்டரை இயூவி இல்லாமத்தான் போட்டுச்சு. விலை என்ன? ஸ்டெப் அதிகம், நேரம் அதிகம், வீணாப் போற சிப்பும் அதிகம். வியாபாரத்துக்கு அது பெரிய அடி, ஆனா அரசாங்கம் செலவை ஏத்துக்கிட்டா ராணுவத்துக்கும் ஏஐக்கும் அது பெரிய தடையில்ல, ஏன்னா அங்க லாபக் கணக்கு கிடையாது. அப்ப தடை என்ன சாதிச்சுது? எத்தனை சிப் போட முடியும்ங்கற எண்ணிக்கையை குறைச்சுது. இப்ப 2024 டிசம்பர்ல அமெரிக்கா ஏன் எச்பிஎம்ங்கற அதிவேக மெமரி மேலயும் கட்டுப்பாடு போட்டுச்சுன்னு தானாவே புரியும், ஏஐ சிப்பை போட்டாலும் பக்கத்துல ஒட்ட அந்த மெமரி வேணும், அது பெரும்பாலும் ரெண்டு கொரிய கம்பெனியும் ஒரு அமெரிக்க கம்பெனியும் செய்யறது.

தைவான் நியூஸ்

மிக முன்னேறிய லாஜிக் சிப்ல (கணக்கு போடற சிப்) சுமார் 90 சதவீதம் தைவான்ல தயாராகுதுன்னு எல்லா கட்டுரையிலும் இருக்கும், அது சரிதான். ஆனா சைனா படையெடுத்து ஃபேபை பிடிச்சுக்கும்ங்கற கதையை நம்பாதீங்க. வெல்ட்ஹோவன்ல இருந்து பார்ட்ஸும் சர்வீஸும், ஜப்பான்ல இருந்து ஃபோட்டோரெசிஸ்டும், அமெரிக்காவுல இருந்து சாஃப்ட்வேரும் நின்னுட்டா அந்த கட்டடத்தை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது, டிஎஸ்எம்சி தலைவரா இருந்த மார்க் லியூவே 2022ல இதைத்தான் சொன்னார். நிஜமான கவலை முற்றுகை. தைவான் எரிசக்தியில பெரும்பகுதியை இறக்குமதி பண்ணுது, எல்என்ஜி, அதாவது திரவ இயற்கை எரிவாயு கையிருப்பு சுமார் 11 நாளுக்குத்தான். அதனால தைவான் பயிற்சின்னு நியூஸ் வந்தா எத்தனை விமானம் பறந்துச்சுன்னு எண்ணறதை விட, துறைமுகத்துக்கு வர்ற கப்பல் வழியை அடைச்சுப் பாத்தாங்களான்னு தேடுங்க.

சைனா பக்கத்து நெருக்கடி கணு கனிமம். 2023 ஆகஸ்ட்ல காலியத்துக்கும் ஜெர்மேனியத்துக்கும் லைசென்ஸ், 2024 டிசம்பர்ல அமெரிக்காவுக்கு முழுத் தடை, அதை 2026 நவம்பர் 27 வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்காங்க. காலியம் நைட்ரைடு நவீன ரேடார்ல முக்கியம், அதனால இது நேரடியா ராணுவத்தை தொடற விஷயம். நிறுத்தி வெக்கறது வேற ரத்து பண்றது வேற, அந்த தேதியை குறிச்சு வெச்சுக்கோங்க.

இந்தியா பத்தி வந்தா

முதல்ல இது டிசைனா, ஃபேபா, பேக்கேஜிங்கான்னு பிரிங்க. அமெரிக்க கம்பெனி மைக்ரான் குஜராத் சனந்துலயும் டாடா அசாம் ஜாகிரோடுலயும் அறிவிச்சது பேக்கேஜிங்கும் டெஸ்ட்டிங்கும். தைவானோட பவர்சிப் கூட சேந்து டாடா குஜராத் தோலேராவுல 91,000 கோடியில கட்டறது ஃபேப், 28ல இருந்து 110 நானோமீட்டர் வரைக்கும். "வெறும் 28தானா"ன்னு கமெண்ட் போடறவங்களுக்கு மேல சொன்ன ஜாவலினையும் நெக்ஸ்பீரியாவையும் காட்டுங்க. கார், மின்சாரம், ரேடார், ஏவுகணை எல்லாத்துக்கும் இந்த ரகம் வேணும், "தரமாட்டேன்"னு யாராவது சொன்னா நம்ம வண்டி நிக்கறதும் இதுலதான்.

பாதுகாப்புன்னு பாத்தா என் மனசுக்கு நெருக்கமானது மொஹாலியில இருக்கற செமிகண்டக்டர் லேபரட்டரி. 1980கள்ல ஆரம்பிச்சது, 1989ல தீப்பிடிச்சு நாசமாச்சு, மறுபடி எழுந்து இன்னைக்கு 180 நானோமீட்டர்ல போடறாங்க. இஸ்ரோவோட ராக்கெட்டுக்கான விக்ரம் 3201 ப்ராசஸர் அங்கதான் தயாராச்சு, 32 பிட். ராக்கெட்டுக்கு அது போதும். ஐஐடி மெட்ராஸோட சக்திங்கற ப்ராசஸர் டிசைன்ல வந்த ஐரிஸ் சிப்பும் 2025ல அங்கதான் போட்டாங்க, பேக்கேஜிங் கர்நாடகா, போர்டு குஜராத்ல, அசெம்பிளி சென்னையில. சின்ன அளவுதான், ஆனா எந்த கணுவுலயும் இன்னொரு நாடு "தரமாட்டேன்"னு குறுக்க நிக்காத மாதிரி ஒரு சிப்பை ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் கொண்டு போய் பழகறாங்க. ஆனா அங்க இருக்கற மெஷின் மட்டும் இன்னும் வெளிநாட்டு சரக்குதான், அதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் யார் தர்றாங்கன்னு கேளுங்க. மொஹாலியை புதுப்பிக்கறது பத்தி நியூஸ் வந்தா எவ்ளோ கோடின்னு மட்டும் படிச்சுட்டு விட்டுடாதீங்க, எந்த மெஷினுக்கு ஆர்டர் போச்சு, எத்தனை பேரை வேலைக்கு எடுத்தாங்க, மாசம் எத்தனை வேஃபர் வெளிய வருதுன்னு கீழ வரைக்கும் போய் பாருங்க.